ஆல்டோவை நீக்கிய பாட்டு

கருங்கல்,
ஜூன் 21, ஞாயிறு மதியம்.

அன்புள்ள அத்தானுக்கு,

ராகேல் எழுதுவது. ஆண்டவர் பார்த்துக்கொள்வதால் நானும் நம் மகள் ஜாஸ்மியும் உங்கள் அம்மாவும் இங்கே சுகம். அஜ்மானில் அடிக்கிற கல்ஃப் சூட்டிலும் நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். கடமையை முதல் வரியிலேயே முடித்துவிட்டேன். இனி எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் "ரேஞ்ச் இல்ல, பெறவு விளிக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸாப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் விழ மாட்டேன் என்கிறது. காகிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது பாருங்கள். லீவுக்கு வந்த உங்கள் ரூம்காரர் ஷிபு புதன்கிழமை திரும்புகிறார். மரச்சீனிக் கிழங்கு வற்றலும் மீன் ஊறுகாயும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். முதலில் கடிதம், அதைப் படித்து முடித்த பிறகுதான் வற்றல் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார். நடுவழியில் வற்றலைப் பிரிக்காமல் இருந்தால் சரி.

வியாழக்கிழமை நீங்கள் அனுப்பிய 'திற' பாட்டின் புது வடிவத்தைக் கேட்டேன். அடுப்பில் சாளை பொரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துப் போட்டேன். உங்கள் கீபோர்டு நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது, டிரம் மெஷின் தட்டியது, நீங்கள் பாடினீர்கள். எல்லாம் பழையபடிதான். பல்லவி முடிகிற இடத்தில் "நான் வந்தால் கதவைத் திற" என்று நீங்கள் இழுத்து நின்றபோது, நானும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். அங்கே அடிக்குரல் பாடின நாங்கள் நாலு பேரும் இல்லை. நான் இல்லை, ஜெபகுமாரி அக்கா இல்லை, ஸ்மைலின் இல்லை, ஆண்குரலில் டெனர் பாடின பெனிஷும் இல்லை. எங்களை இறக்கிவிட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். மறுபடி முதலில் இருந்து போட்டுக் கேட்டேன். மீன் கரிந்தது. கரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் அம்மாவும் கேட்டார். மகன் பாட்டு என்றால் அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது போட்டாக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, "மக்கா ஜாஸ்மி, பாதி கேக்கல்லியே, போனு கெட்டுப்போச்சா?" என்றார். ஜாஸ்மி என்னைப் பார்த்தாள். போன் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, கெட்டுப்போனது உங்கள் மகன்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வயதான மனுஷிக்கு எதற்கு வெப்ராளமும் வேதனையும் என்று விழுங்கிக்கொண்டேன்.

உங்கள் அண்ணன் போனில் சொன்னதைக் கேட்டு நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள். நான் சொல்வதையும் முழுதாகக் கேளுங்கள். இங்கே நடந்ததில் பாதி உங்களுக்குத் தெரியாது. மற்றப் பாதி தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறீர்கள்.

ஜனவரியில் அந்தப் பாட்டை முதன்முதலில் அனுப்பினீர்கள். ரூமில் எல்லாரும் வேலைக்குப் போன வெள்ளிக்கிழமை ஒன்றில் லாப்டாப்பில் செய்தேன், உனக்காகத்தான் செய்தேன், யாரிடமும் சொல்லாதே, நீ மட்டும் கேள் என்றீர்கள். ஜாஸ்மி கேட்டுவிட்டு, "அம்மா, இது எண்பதுகளில் உள்ள சத்தம், இப்போ இதுதான் எல்லாரும் கேக்காவ" என்றாள். எனக்கு எண்பதும் தெரியாது தொண்ணூறும் தெரியாது. மழை வந்தால் ஜன்னலைச் சாத்து, மணல் வந்தால் துடைத்துவிடு, நான் வந்தால் கதவைத் திற என்று என் புருஷன் எனக்காகப் பாடுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப்போட்டுவிட்டு, பிள்ளைகள் போடுகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். இதை இதுவரை சொன்னதில்லை.

நீ மேலே ஏதாவது பாடி அனுப்பு என்று கேட்டது நீங்கள்தான். எனக்கு மேலே பாடத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையிலேயே கொயரில் பெண்களின் அடிக்குரலான ஆல்டோ பெஞ்சில் உட்கார்ந்தவள். ஞானப்பாட்டுப் புத்தகம் முழுக்க எனக்கு ஆல்டோதான் தெரியும், எல்லாரும் பாடுகிற மேல்ராகம் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். ஜாஸ்மியைத் தூங்கவைக்கக்கூட ஆல்டோவைத்தான் பாடினேன். அவள் எல்கேஜியில் போய் அதையே பாட, எந்த ஊர்ப் பாட்டு இது என்று டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கதை உங்களுக்கு ஓர்மை இருக்கும். அதனால் நான் அடியில் பாடுகிறேன் என்றேன். தனியாகப் பாடக் கூச்சமாக இருந்ததால் கொயரில் இருந்து மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன்.

எங்கே பாடினோம் தெரியுமா? நீங்கள் கேட்டதே இல்லை. கோவிலுக்குள் பாடினோம் என்று உங்கள் அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், அது பொய். பெனிஷ் வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போடுகிற அறையில் பாடினோம். ஷீட்டுக்கு நடுவில் நின்றால் சத்தம் எதிரொலிக்காது என்று ஸ்மைலின்தான் சொன்னாள். ஜாஸ்மியின் போனை ஷீட் போடுகிற கம்பில் கட்டித் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து, மூச்சுமுட்டப் பாடினோம். வீட்டுக்கு வந்தால் முடியெல்லாம் ரப்பர் நாற்றம். "ஏட்டி, ரப்பர் வெட்டவா போன?" என்று உங்கள் அம்மா கேட்டார். மூன்று தடவை தலைக்குக் குளித்தும் போகவில்லை.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஞானப்பாட்டும் முடிந்ததும் நாலு குரலில் ஆமென் பாடுவோம் அல்லவா. அதில் ராகம் பாடுகிற சோப்ரானோக்காரர்கள் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். மேலே ஒன்றும் நகராது. அடியில் ஆல்டோ ஒரு படி இறங்கும், டெனர் ஒரு படி இறங்கும், அப்போதுதான் பாட்டு வீடு வந்து சேரும். நீங்கள் "திற" என்று ஒரே சுரத்தில் நின்றீர்களா, என் தொண்டை தானாக இறங்கிவிட்டது. என்னைப் பார்த்துப் பெனிஷும் இறங்கினான். திரும்பப் போட்டுக் கேட்டபோது ஜெபகுமாரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி ராகேலு, இது நம்ம ஆமெனுல்லா" என்று சிரித்தார். எனக்கும் தெரிந்தது. கொள்ளாம், இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். யோசித்துப் பாடவில்லை, ஆனால் தெரிந்துதான் அனுப்பினேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

நீங்கள் அதைக் கேட்டுவிட்டு வாட்ஸாப்பில் குரலாக அனுப்பியது இப்போதும் என் போனில் இருக்கிறது. "ராகேலு, ஆமென வச்சிட்டியேட்டி, கேட்டா வீட்டுக்கு வந்தது மாதிரி இருக்கு" என்றீர்கள். அதோடு விடவில்லை. எங்கள் குரலோடு உங்கள் கீபோர்டு முட்டுகிறது என்று சொல்லி, அடியில் சேர்ந்து ஒலிக்கிற சுரங்களை, அந்தக் கார்டையே மாற்றி, எல்லாவற்றுக்கும் அடியில் வரும் பாஸ் சுரத்தையும் நீங்களே போட்டு, முழு ஆமெனாக ஆக்கி அனுப்பினீர்கள். நம் கல்யாணத்துக்கு முன்பே கொயரில் பாஸ் பாடினவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமலா நடந்தது?

இதை இங்கே நிறுத்திவிட்டு ஸ்மைலின் வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஸ்மைலின் தங்கைக்குக் கல்யாணம் முடிந்து, குழித்துறைப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். வீடியோ எடுத்தது நம் கருங்கல் ஸ்ரீஜித். பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வருகிறபோது நம் பாட்டைத்தான் போட வேண்டும் என்று ஸ்மைலின் ஒரே பிடியாய் நின்றாள். நீங்களும் சரி என்றீர்கள், யார் பாடியது என்று மட்டும் சொல்லாதே என்றீர்கள். நம் சபை முழுக்க அங்கேதான் இருந்தது. விளக்கை அணைத்து, புகையைக் கிளப்பி, பாட்டைப் போட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் குரலை அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"திற" வந்தது. அடியில் நாங்கள் இறங்கினோம். அத்தான், முன்வரிசை முழுக்க உட்கார்ந்தது!

உங்களுக்கே புரியும். கோவிலில் பாட்டுக்கு நிற்போம், ஆமென் முடிந்ததும் உட்காருவோம். பிறந்ததில் இருந்து அப்படியே பழகிய உடம்பு, மண்டபம் எது கோவில் எது என்று அதற்குத் தெரியவா போகிறது. முதலில் உட்கார்ந்த ஆள் உங்கள் அண்ணன் சுந்தரராஜ். சபைச் செயலாளர் உட்கார்ந்ததைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் பாதி வழியில் நிற்கிறார்கள். தப்பு தெரிந்து எல்லாரும் எழுந்தார்கள். இரண்டாவது பல்லவி வந்தது. மறுபடியும் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொண்ணு சிரித்த சிரிப்பில் கண்மை கன்னம் வரை இறங்கியது. நானும் சிரித்தேன், வயிறு நோகச் சிரித்தேன்.

உங்கள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்ததை எவனோ தனியாக வெட்டி, நம் பாட்டையே அதற்குப் போட்டு, போனில் சுற்றவிட்டான். மண்டைக்காட்டில் இருக்கும் என் சித்தி மகள் வரைக்கும் போய்விட்டது. அவருக்குக் கோபம் அங்கேதான், ஆமென் மேல் இல்லை. அதை நேராகச் சொல்ல மானம் இடம் கொடுக்காததால் சபை, பரிசுத்தம், பக்திவிருத்தி என்று பேசுகிறார்.

பாடினது யார் என்று எங்கள் குரலே சபைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது, அடுத்த வாரம் கோவிலை ஒட்டின வெஸ்ட்ரி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போதகர் நல்ல மனுஷன், ஆனால் என் பக்கமும் பார்க்காமல் அவர்கள் பக்கமும் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாட்டில் இருந்து அடிக்குரல்களை எடுக்க வேண்டுமாம். நாங்கள் நாலு பேரும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதைத் திருவிருந்து ஞாயிறு அன்று சபை முன்னால் நான் எழுந்து வாசிக்க வேண்டுமாம். "சபைக்க ஆமென எடுத்து காதல் பாட்டுக்கு அடியில வச்சிருக்கா, இது என்ன வெளையாட்டு?" என்று உங்கள் அண்ணன் மேசையைத் தட்டினார்.

நான் பயந்து நிற்பேன் என்று நினைத்திருப்பார்கள். கல்யாணம் கட்டிவைத்து, கீர்த்தனை பாடி, ஆமென் போட்டு அனுப்புகிறீர்களே, அந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்குப் போய் ஜெபக்கூட்டமா நடத்துகிறார்கள் என்று கேட்டேன். ஒருத்தர் இருமினார். போதகர் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டார். பாடினது என்னைக் கெட்டின புருஷன், அடியில் பாடினது அவர் கெட்டின பெண்டாட்டி, இதில் எந்த இடத்தில் பாவம் இருக்கிறது, எனக்குக் காட்டித் தாருங்கள், அதற்கு மட்டும் மன்னிப்பு எழுதுகிறேன் என்றேன்.

அப்போதுதான் உங்கள் அண்ணன் சொன்னார். "எனக்க தம்பிட்ட கேட்டாச்சு. அவனுக்கு ஒண்ணும் அறியாதாம். பாட்டு மட்டுந்தான் அவன் செஞ்சானாம், ஆமெனெல்லாம் இவ இஞ்ச இருந்து பண்ணின வேலையாம்."

அத்தான், என் போன் என் கையிலேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், ஆமென வச்சிட்டியேட்டி என்று உங்கள் குரலே அந்த அறையில் கேட்டிருக்கும். தட்டவில்லை. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். ஆமாம், நான் செய்ததுதான், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, குடையை வெஸ்ட்ரியிலேயே விட்டுவிட்டேன். திரும்பப் போய் எடுக்க மனம் வரவில்லை. நனைந்துகொண்டே நடந்தேன்.

அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "போட்டும் விடு, ஒரு மாப்பு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது, எதுக்கு அண்ணன்கிட்ட சண்டை?" அண்ணன் உங்களை வளர்த்தவர், படிக்கவைத்தவர், எனக்குத் தெரியும். அவர் முன்னால் உங்களுக்குக் குரல் எழும்பாது, அதுவும் தெரியும். காதல் பாட்டுச் செய்தது அவருக்குத் தெரிந்ததே உங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கும். ஆனால் வெட்கத்தைப் போர்த்திக்கொள்ள என்னை எடுத்துத்தானா போர்த்த வேண்டும்?

இந்த ஊரில் காதல் பாட்டைக் கேட்டால் தப்பில்லை. பஸ்ஸில் போட்டால் தப்பில்லை. சினிமாவில் யாரோ ஒருத்தி மழையில் நனைந்து ஆடினால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். நாற்பது வயதில் ஒரு டீச்சர், தன் சொந்தப் புருஷனுக்கு அடியில் நின்று பாடினால் மட்டும் ஊருக்குப் பொறுக்கவில்லை. பொறுக்காவிட்டால் போகட்டும். என் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒருத்தி ஆல்டோவைப் பாடுகிறாள். அவளைப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போல் இருந்தது.

பெனிஷ் கையெழுத்துப் போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்லாதீர்கள், நானும் சொல்லவில்லை. அவனுக்கு ஆகஸ்டில் கல்யாணம். கையெழுத்துப் போடாவிட்டால் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க மாட்டோம் என்றார்களாம். ஓலை வாசிக்காமல் எப்படித் தாலி கட்டுவான்? என் முன்னால் வந்து நின்று, "அக்கா, மாப்பு தரணும்" என்று அழுதான். போடா, போய்க் கல்யாணத்தைப் பார் என்று அனுப்பினேன்.

என்னைக் கொயரில் இருந்து நிறுத்திவிட்டார்கள். முதல் ஞாயிறு பெண்கள் பக்கம் சாதாரண பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மேலே கொயரில் என் இடம் காலியாகத் தெரிந்தது. பாட்டு தொடங்கியது. எனக்கு ராகம் தெரியாதே, நான் என்ன செய்வேன், ஆல்டோவைத்தான் பாடினேன். வாய்க்குள் முணுமுணுக்காமல் நன்றாகத் திறந்து பாடினேன். பக்கத்தில் இருந்த வேறொரு அம்மா என் முழங்கையைத் தட்டி, "பிள்ளே, சுதி தப்புது" என்றார். தப்பட்டும் என்று பாடினேன்.

அடுத்த ஞாயிறு ஜெபகுமாரி அக்கா கொயருக்குப் போகாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக என் பெஞ்சுக்கு வந்து, "தள்ளி இருட்டி" என்றார். முட்டுவலிக்கு அந்தப் படி ஏற முடியவில்லை என்று கமிட்டியிடம் சொன்னாராம். இன்றைக்குக் காலையில் ஸ்மைலினும் மற்ற ஆல்டோக்காரிகளும் இறங்கி வந்துவிட்டார்கள். யாருக்கெல்லாம் முட்டுவலி என்று கேட்டேன். எல்லாருக்கும் என்றார்கள்.

கோவிலில் முதல் பாட்டு முடிந்து ஆமென் வந்தது. மேலே சோப்ரானோ ஒரே சுரத்தில் நிற்கிறது. அந்தப் பக்கம் பெனிஷ் டெனரில் இறங்குகிறான். ஆல்டோ இறங்க வேண்டிய இடத்தில் நாங்கள் பெஞ்சு வரிசையில் இருந்து குரலால் இறங்கினோம். சபை நடுவில் இருந்து அந்தச் சத்தம் எழும்பினதும் முன்னால் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் அண்ணன் திரும்பவில்லை, ஆனால் அவர் பிடரி சிவந்ததைப் பார்த்தேன். போதகர் பிரசங்கத்துக்கு முன்னால், இன்றைக்குப் பாட்டு நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். அவருக்கும் ஒரு நாள் தைரியம் வரும் போலிருக்கிறது.

மற்ற விசேஷங்கள். அடுக்களை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்துச் சமாளிக்கிறேன், ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு வைத்தியக் குழம்புத் தைலம் போட்டுத் தேய்த்ததில் கால் வீக்கம் வற்றியிருக்கிறது. ஜாஸ்மி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், டாக்டருக்குப் படிக்கச் சொன்னால் சவுண்ட் இன்ஜினியரிங் என்கிறாள். யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று தெரியவில்லை. அப்பா ஏன் நம்ம குரலை எடுத்தார் என்று ஒரே தடவைதான் கேட்டாள். அப்பாவிடமே கேள் என்றேன். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி என் முடிவு. நான் கையெழுத்துப் போட மாட்டேன். கொயரில் சேர்க்காவிட்டால் சாகும்வரை அந்தப் பெஞ்சில் இருந்து ஆல்டோ பாடுவேன். திருவிருந்து அப்பம் எனக்கு இல்லை என்று நிறுத்தினாலும் கோவிலுக்கு வருவேன். கமிட்டியோடு சண்டை எனக்குப் பெரிய காரியமே இல்லை, அதை ஒற்றைக் கையால் பார்த்துக்கொள்வேன். உங்களோடுதான் என்னால் முடியவில்லை. நீங்கள் எங்கள் குரலை எடுத்துவிட்டு அனுப்பினீர்களே, அந்தப் பாட்டை நான் எத்தனை தடவை கேட்டேன் தெரியுமா? அதில் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள். மூன்று வருஷமாக அங்கே தனியாகத்தான் இருக்கிறீர்கள், இங்கே நானும் தனியாகத்தான் இருக்கிறேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த ஒரே இடம் அந்த நாலு நிமிஷம். அதையும் அண்ணனுக்காக நீங்கள் காலி செய்துவிட்டீர்கள்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் அண்ணனைக் கூப்பிட்டு, எனக்குத் தெரியும், கார்டை மாற்றினதே நான்தான் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர் கத்துவார், கத்தட்டும், காது ஒன்றும் அறுந்து விழாது. சொல்லிவிட்டு எங்களைப் பாட்டுக்குள் திரும்பப் போடுங்கள்.

அது முடியாது என்றால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றீர்கள், ஈஸ்டருக்கு என்றீர்கள், ஓணத்துக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்கிறீர்கள். வந்து இந்த அடுக்களையில் என் முகத்துக்கு நேராக நின்று, ராகேல், பாட்டில் உன் குரல் எனக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். சத்தியமாகக் கேட்டுக்கொள்வேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். ஆனால் போனில் சொல்லக் கூடாது, வந்துதான் சொல்ல வேண்டும். வந்து நின்றபிறகு சொல்ல முடியாமல் போனால், அதற்கும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

வெயிலில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆண்டவர் உங்களை அங்கே பத்திரமாக வைக்கட்டும், சீக்கிரம் இங்கே கொண்டுவந்து விடட்டும்.

கோபம் தீராத,
உங்கள்
ராகேல்